சாறும் ஒரு கணக்கு

இங்கிலாந்திலே குடியிருக்கும் எமது பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். நலம் விசாரித்த பின், "ஐயா, ஒரு கணக்குப் பிழைத்துவிட்டது" என்று தொடங்கினார். கணக்கு, வீட்டில் வடிக்கும் பியரைப் பற்றியது. அந்நாட்டில் சொந்தப் பாவனைக்குப் பியர் வடிக்க 1963 ஆம் ஆண்டு முதல் அநுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. நம் நாட்டிலோ அது குற்றம். நாமும் மதுவைத் தொட்டறியோம். ஆயினும் கேட்டவர் மாணவர், கேட்டது கணக்கு.

முளைகட்டிய பார்லியை ஊறவைத்து வடித்த இனிப்புநீரைக் காய்ச்சி ஆற்றி, மதுவம் சேர்த்து நொதிக்க விடுவது பியர் வடிக்கும் முறை. அன்பர் அப்பிள் சாறும் சேர்க்க விரும்பினார். அவருடைய பாத்திரம் 23 லீற்றர் கொள்வது. 20 லீற்றர் இனிப்புநீர் நிறைத்தபின் 5 லீற்றர் சாற்றை ஊற்றத் தொடங்கினார். பாத்திரம் நிரம்பி வழிந்து தரை நனைந்தது. சாற்றைச் சுவையாகக் கண்டவர், அதன் பெரும்பகுதி நீர் என்பதை மறந்தார்.

20 லீற்றரே வேண்டுமாயின் இனிப்புநீர் 15, சாறு 5 எனக் கொள்ளவேண்டும். இனிப்பையும் அவ்வாறே கூட்டலாம். நீரமானியில் தூய நீர் 1000 காட்டும். இனிப்புநீர் 1060, அப்பிள் சாறு 1048 எனக் கொள்வோம். ஆயிரத்திற்கு மேற்பட்டவற்றை அளவால் பெருக்கினால் 15 × 60 = 900; 5 × 48 = 240. கூட்டுத்தொகை 1140. அதை 20 ஆல் வகுக்க வருவது 57. ஆகவே கலவை 1057 காட்டும். சாற்றை வெறும் நீரென எண்ணியிருந்தால் விடை 1045 என்று பிழைபட்டிருக்கும்.

அடுத்த முறை அன்பர் செய்த பிழை பெரிது. நொதித்து முடிந்த 20 லீற்றர் பியரைப் போத்தலில் அடைக்குமுன், நுரை எழுவதற்காக 120 கிராம் சீனி சேர்த்தார். அது முறையான அளவே. அத்துடன் மணத்திற்கென 2 லீற்றர் சாறும் விட்டார். இம்முறை நீரைக் கணக்கிட்டவர் சீனியை மறந்தார். ஒரு லீற்றர் அப்பிள் சாற்றில் ஏறத்தாழ 100 கிராம் சீனி உண்டு. ஆகவே மொத்தச் சீனி 320 கிராம். லீற்றருக்கு 6 கிராம் இருக்கவேண்டிய இடத்தில் பதினான்கரை ஆயிற்று. லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதித்தாலே ஏறத்தாழ ஒரு லீற்றர் காபனீரொட்சைட்டு வாயு பிறக்கும். மூடிய போத்தலில் அவ்வாயு எங்கே போகும்? மாடிப்படியின் கீழ் அடுக்கியிருந்த போத்தல்களுள் மூன்று நள்ளிரவில் வெடித்தன. பகலில் அவருடைய குழந்தை விளையாடும் மூலை அதுவேயாம். இரவாக இருந்தது இறைவன் செயல். சீனியை அறவே விட்டு, ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றர் சாறு விட்டிருந்தால் போதுமாயிருந்தது.

கடிதத்தைப் படித்தபோது எமக்கு நாணமே உண்டாயிற்று. கலவைக் கணக்கை அவருக்குக் கற்பித்தவர் நாமே. ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியது "பாலும் நீரும்" என்ற ஒரே வினா. நீரிலே நீரன்றி வேறொன்றும் இல்லை. ஆதலால் ஒரு நிரல் போதும். சாறோ இரண்டு நிரல்களிலும் எழுதவேண்டிய பொருள். அதை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. மாணவரும் சூத்திரத்தோடு நின்றுவிட்டார்.

இதை வீட்டிலே சொன்னோம். "பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் கூட விட்டால் தண்ணீரைக் குறைப்போம், பழம் போட்டால் சர்க்கரையைக் குறைப்போம். இதற்கு ஒரு கணக்கா?" என்று கேட்டார் எம் இல்லத்தரசி. இரு நிரல்களும் எம் அடுக்களையிலே நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்திருக்கின்றன. படித்த நாமே பார்க்கத் தவறினோம்.

மாணவர்களே, ஒரு பொருளை மற்றொன்றிற் சேர்க்குமுன், அதனுடன் வேறென்னென்ன சேர்ந்து வருகின்றன என்று கேளுங்கள். வருகிற தவணையில் எம் வகுப்பிற்கு முதல் வினா, "சாறும் நீரும்" என்பதே.