தாதி என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்களுக்கு



சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாளே சந்தியில் பெனர் ஏறிவிடுகிறது. வெள்ளை உடுப்பு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், 'ஆறு மாதத்தில் தாதியாகலாம், உடனடி வேலை'.

போன கிழமை என் பழைய மாணவி ஒருத்தி உம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். உம்மாவின் காப்பை ஈடு வைத்துக் கட்டிய காசு. கையில் பளபளக்கும் சான்றிதழ். அதைக் கொண்டு தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குப் போனால், "தாதியர் கவுன்சில் பதிவு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேலை கொடுத்தார்கள்தான், உதவியாளராக.

உதவியாளர் வேலை இழிவு என்று நான் சொல்லவில்லை. நோயாளியைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்ப்பது பெரிய அமல். அதற்கென்று முறையான என்.வி.கியூ. பயிற்சியும் உண்டு. ஆனால் அதைத் தாதி என்று விற்பது பொய்.

இந்த நாட்டில் தாதியர் பதிவுக்கு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் டிப்ளோமா மூன்று வருடம். வகுப்பில் பாதி, வார்ட்டில் பாதி. இரவுக் கடமையும் பார்த்துத்தான் ஒருவர் தாதியாகிறார். நம்ம பிள்ளை ஊசி போட்டது பிளாஸ்டிக் பொம்மைக்கு. வைத்தியசாலையைப் பார்த்தது ஒரேயொரு நாள், அதுவும் குரூப் போட்டோ எடுக்க.

"நாங்கள் அரசில் பதிவு செய்த நிறுவனம்" என்பார்கள். எந்தப் பதிவு? பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவு கடைக்கும் இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனத்தைப் பதிவது வேறு, குறித்த பாடநெறிக்குத் தரச்சான்று பெறுவது வேறு. தாதியர் கவுன்சில் அதற்கும் வேறு. முதலாவதைக் காட்டி மூன்றாவதுக்குக் காசு வாங்குகிறார்கள்.

அவர்களை மட்டும் ஏசி என்ன பயன்? பெனர் கட்டியவருக்குப் பாடசாலை மண்டபத்தைத் திறந்து, மைக்கும் கொடுத்தது நாங்கள்தான். நானும் முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். அரச பயிற்சிக்கு வழமையாகக் கேட்பது உயர்தர விஞ்ஞானப் பிரிவுச் சித்தி. அங்கே படிக்கும்போதே கொடுப்பனவும் கிடைக்கும். ஆனால் "பொம்புளப் புள்ளைக்கு பயோ கஷ்டம், ஆர்ட்ஸ் போதும்" என்று அந்தக் கதவைப் பத்தாம் ஆண்டிலேயே சாத்துகிறோம். பிறகு நம்ம உம்மாமாரைப் பார்க்க வார்ட்டில் தமிழ் பேசும் தாதி இல்லை என்று புலம்புகிறோம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன்: பாடநெறியின் தரச்சான்றைக் காட்டாத எவருக்கும் இனி மண்டபம் இல்லை. பெற்றோரே, காசு கட்ட முதல் அந்தத் துண்டுப் பிரசுரத்தைக் கொண்டு வாருங்கள். அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.