வீட்டுக்குள் ஒரு மிடறு: சட்டத்திலிருந்து நீங்கிய ஒரு சொற்றொடர்

2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் 'பொது இடத்தில்' மது கொடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. அதற்கு மாற்றாக வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டம் இக்குற்றத்தை 77ஆம் பிரிவில் வைத்து, தண்டனையை ஏழாண்டு வரையிலான கடுங்காவலாகவும் ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான அபராதமாகவும் உயர்த்தியது. படிப்பவர் கண்ணில் முதலில் படுவது இந்த உயர்வுதான். அதைவிடப் பெரிய மாற்றம் ஒரு சிறு தொடரில் நிகழ்ந்தது. 'பொது இடத்தில்' என்ற தொடர் புதிய பிரிவில் இல்லை.

இதன் விளைவு எளியது. விழா நாளன்று வரவேற்பறையில் அமர்ந்து, பதினாறு வயது மகனுக்குத் தன் கோப்பையிலிருந்து ஒரு மிடறு கொடுக்கும் தந்தை, பழைய சட்டத்தின் சொற்களுக்கு வெளியே இருந்தார். இன்று அவர் உள்ளே இருக்கிறார். புதிய பிரிவு ஏற்கும் விதிவிலக்கு ஒன்றே: தகுதிபெற்ற மருத்துவரின் உத்தரவு. பெற்றோரின் சம்மதம் என்ற சொல் அதில் எங்குமில்லை. 'வீட்டில்தானே, நம் கண்முன்தானே' என்று நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் எழும் சமாதானத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இது பரவலாக உணரப்படாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மது, அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆகவே 'குடிக்கும் வயது' என்றதும் மாநில எண்களே நினைவுக்கு வருகின்றன: கோவாவில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, தில்லியில் 25. இந்த எண்கள் பெரும்பாலும் விற்பனையைக் குறிவைப்பவை. கடைக்காரர் யாருக்கு விற்கலாம் என்ற வினாவுக்கு விடையளிப்பவை. 77ஆம் பிரிவு வேறொரு வினாவைக் கேட்கிறது: சிறாரின் கையில் கோப்பையைக் கொடுத்தவர் யார்? அவ்வினாவுக்கு மாநில எல்லையும் இல்லை, வீட்டு வாசற்படியும் இல்லை.

வேறு நாடுகள் வேறு வழியைத் தேர்ந்தன. இங்கிலாந்தில் 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மது கொடுப்பதே குற்றம். அதற்கு மேற்பட்ட வயதில், வீட்டுக்குள் நடப்பது பெற்றோரின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோர் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் தடுக்குமாறு மாநிலங்களை நெருக்கியது. எனினும் பெற்றோர் முன்னிலையில் அருந்துவதற்குப் பல மாநிலங்கள் விலக்களிக்கின்றன. இவ்விலக்குகளின் பின்னுள்ள நம்பிக்கை ஒன்றே: வீட்டில் கண்காணிப்புடன் பழகும் பிள்ளை வெளியே அளவறிந்து நடந்துகொள்ளும்.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வுத் துணை மெலிந்தது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,900 வளரிளம் பருவத்தினரை ஆறாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2018இல் 'லான்செட்' குழும இதழில் வெளிவந்தது. பெற்றோர் மது கொடுத்ததால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கிட்டியதற்கான சான்று அதில் இல்லை. மாறாக, பெற்றோரிடமிருந்து மட்டும் மது பெற்றவர்கள் அடுத்த ஆண்டில் பிறரிடமிருந்தும் அதைப் பெறும் வாய்ப்பு மிகுந்திருந்தது. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. ஆயினும் 'நாமே கொடுத்தால் வெளியே தேடமாட்டான்' என்ற வாதம் இதற்குப்பின் எளிதில் எழுந்து நிற்க முடியாது.

ஐரோப்பிய உணவு மேசையை எடுத்துக்காட்டுவோர் மற்றொன்றையும் மறக்கின்றனர். இந்தியாவில் அருந்தப்படும் மதுவில் பெரும்பங்கு விஸ்கி, ரம், பிராந்தி, நாட்டுச்சாராயம் போன்ற கடும் மது. உணவோடு சிறிதளவு திராட்சை மது என்ற பழக்கத்தின் நியாயத்தை இங்கே அப்படியே பெயர்த்து நட இயலாது. மேலும், மைய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலானோரில் மது அருந்துவோர் 14.6 விழுக்காடு, 10 முதல் 17 வயதுச் சிறாரில் 1.3 விழுக்காடு. குடிக்காமையே இங்குப் பெரும்பான்மை வழக்கம். பெற்றோருக்கு விலக்களிப்பது அவ்வழக்கத்தை வீட்டின் உள்ளிருந்தே தளர்த்தும்.

ஆகவே தடை நிற்கவேண்டும். ஆனால் 77ஆம் பிரிவு இன்றுள்ள வடிவில் நல்ல சட்டமா என்பது தனி வினா. அதற்கு 'ஆம்' என்று சொல்வது கடினம்.

முதற்சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. 'கொடுப்பவர்', 'கொடுக்கச் செய்பவர்' ஆகிய இருவரையே பிரிவு பெயர்சொல்லிச் சுட்டுகிறது. தமிழில் கொடுத்தல், கொடுப்பித்தல் என்பன வேறு. விட்டுவிடுதல் என்பது வேறு. குளிர்பதனப் பெட்டியில் புட்டி குறைவதைக் கண்டும் காணாதிருக்கும் தாய், பிள்ளை எதற்குச் செலவிடுகிறான் என்று தெரிந்தே பணம் தரும் தந்தை, நண்பர்களின் விருந்துக்கு மாடியறையைத் திறந்துவிடும் குடும்பம் ஆகியோர் இவ்வினைகளுக்குள் அடங்குவரா என்பது வழக்குதோறும் வாதத்துக்குரியது. ஒரு மிடறு கொடுத்தவர் தெளிவாகச் சிக்குவார். ஒரு புட்டிக்கு வழிவிட்டவர் வாதாடித் தப்பக்கூடும்.

இரண்டாவது, படிநிலை இன்மை. ஏழு வயதுக் குழந்தைக்குச் சாராயம் புகட்டுவதும், பதினேழரை வயது மகளுக்கு அரைக்கோப்பை பியர் தருவதும், சிறாருக்கே விற்றுப் பிழைப்பதும் ஒரே வரிக்குள் வருகின்றன. ஜார்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பகுதிகளின் பழங்குடிக் குடும்பங்களில் ஹண்டியாவும் மஹுவாவும் சடங்கின் பகுதிகள். வீட்டுத் தேவைக்கு அவற்றைக் காய்ச்சிக்கொள்ளச் சில மாநிலங்களின் கலால் சட்டங்களே பழங்குடியினருக்கு இடமளிக்கின்றன. அங்கேயும் மது சிறாரின் உடலுக்கு நல்லதன்று. மரபு என்பதால் அது மருந்தாகிவிடாது. ஆனால் அதற்கு ஏழாண்டுக் கடுங்காவல்தான் விடையா?

மூன்றாவது, நடைமுறை முரண். மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய இச்சட்டக் குற்றங்களை, 2021ஆம் ஆண்டின் திருத்தம் பிணையில் விடத்தகாதவையாகவே வைத்துக்கொண்டு, காவல்துறை தானாகப் புலனாய்வு தொடங்க இயலாத வகைக்கு மாற்றிவிட்டது. இதனால் தாளில் தண்டனை கடுமையாக இருக்கிறது. நடுவரின் ஆணையின்றிக் காவல் நிலையம் அசைய முடியாது.

இவற்றின் கூட்டு விளைவு, பேரிழப்பு நேர்ந்தபின் மட்டுமே சட்டம் பேசத் தொடங்குவது. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசுக் கார் மோதி, இளம் பொறியாளர் இருவர் உயிரிழந்தனர். சிறுவனின் தந்தைமீது 75, 77 ஆகிய பிரிவுகளின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. குற்றச்சாட்டின் உண்மையை நீதிமன்றமே முடிவுசெய்யும். ஆனால் அந்தப் பிரிவின் எண்ணை நாட்டில் பலர் முதன்முறையாகக் கேட்டது இரு மரணங்களுக்குப் பின்புதான்.

செய்யத்தக்கவை மூன்று. பெற்றோருக்கு விலக்களிக்காமலே, விற்பவரையும் பிறர் பிள்ளைக்குக் கொடுப்பவரையும் சொந்தப் பெற்றோரிலிருந்து பிரித்துத் தண்டனையை அடுக்கலாம். பெற்றோரின் முதல் மீறலைக் குழந்தைகள் நலக் குழுமத்தின் முன் அறிவுரைக்கும் கண்காணிப்புக்கும் உரியதாக்கி, சிறையை இளங்குழந்தைக்குக் கொடுத்தல், மீண்டும் மீண்டும் கொடுத்தல், கேடு விளைதல் ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம். 'தெரிந்தே இடமளித்தல்' என்ற வினையைத் தனியாக எழுதிச் சேர்க்கலாம்.

'வீட்டுக்குள் அரசுக்கென்ன வேலை' என்ற கேள்வி எழும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அக்கேள்விக்கு முன்பே விடையளித்துவிட்டது: வலிமை குறைந்தவர் வாழும் இடத்தில் சட்டத்துக்கு வேலை உண்டு. 'பொது இடத்தில்' என்ற தொடரை நீக்கியது அவ்வகையில் சரியான முடிவே. நீக்கியபின் வீட்டுக்குள் நுழையும் சட்டம் கடைக்கும் வீட்டுக்கும், ஏழு வயதுக்கும் பதினேழுக்கும் வேறுபாடு அறிந்து நுழையவேண்டும். அந்தப் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.