ஒரு வீடியோவை வைத்து ஒரு இனத்தையே எடைபோடலாமா?



போன கிழமை தரம் பத்து வகுப்பில் ஒரு சின்ன வேலை கொடுத்தோம். "அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்கள் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருகிற மூன்று விடயங்களை ஒரு துண்டில் எழுதுங்கள். பெயர் போடத் தேவையில்லை" என்றோம்.

துண்டுகளைச் சேர்த்து வாசித்தபோது கவலையாகிவிட்டது. துவக்கு, தங்கச் சங்கிலி, கஞ்சா, பச்சை குத்தின உடம்பு, கெட்ட வார்த்தை, சண்டை. கொஞ்சப் பேர் கூடைப்பந்து என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை ஒபாமா என்று எழுதியிருந்தது. இதெல்லாம் எங்கிருந்து தெரியும் என்று அடுத்த நாள் கேட்டோம். "ரெப் பாட்டு வீடியோவில பார்த்தது சேர்" என்றார்கள்.

அதே வகுப்பில் நிறம் கொஞ்சம் குறைந்த ஒரு பிள்ளையை மற்றவர்கள் "காப்பிலி" என்று கூப்பிடுவது எங்கள் காதில் பல தடவை விழுந்திருக்கிறது. பகிடிதானே என்று நாங்களும் கடந்து போயிருக்கிறோம். அந்தத் துண்டுகளை வாசித்த பிறகுதான் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று விளங்கியது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இசை கூடுமா கூடாதா என்பது உலமாக்கள் பேச வேண்டிய விடயம். அதற்குள் நாங்கள் போகவில்லை. எங்கள் பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது, அதற்குள் இந்தப் பாட்டுகள் இருக்கின்றன. அவை ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கின்றன என்பதுதான் இங்கே கேள்வி.

ஹிப்ஹொப் பிறந்த இடம் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதி. 1973 ஓகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு சின்ன விருந்து நடந்தது. பாடசாலை திறக்க முன்னர் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்க ஒரு தங்கச்சி ஏற்பாடு செய்த விருந்து அது. இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய நாநா, ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹேர்க். அந்தக் காலத்தில் புரொங்ஸ் ஊடாக அதிவேகப் பாதை போட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களை எழுப்பியிருந்தார்கள். கட்டடங்கள் எரிந்து கிடந்தன. வேலை இல்லை. கேட்க ஆளில்லாத பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லத் தொடங்கியதுதான் ரெப். 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவினர் வெளியிட்ட 'த மெசேஜ்' முழுக்க வறுமையைப் பற்றிய பாட்டு.

பிறகு 1980களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் கொம்ப்டன் நகரத்திலிருந்து என்.டபிள்யூ.ஏ. என்ற குழு வந்தது. பொலிஸாரின் அடாவடியை மிகக் கடுமையான வார்த்தைகளில் பாடினார்கள். 1989இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவரே அவர்களது இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். 1991இல் லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸார் ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய வீடியோ வெளியானபோதுதான், அந்தப் பிள்ளைகள் எதைப் பாடினார்கள் என்று உலகத்துக்கு விளங்கியது.

ஆனால் வியாபாரிக்கு விளங்கியது வேறு. அதே 1991இல் அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனையைக் கணினி மூலம் எண்ணத் தொடங்கினார்கள். சில கிழமைகளுக்குள் என்.டபிள்யூ.ஏ.யின் அடுத்த தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. வாங்கியவர்களில் பெருந்தொகையானோர் வசதியான புறநகர்களில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். துவக்கும் சண்டையும் விற்கிறது என்று தெரிந்ததும் பெரிய நிறுவனங்கள் அதையே மேலும் மேலும் கேட்டன. பள்ளிக்கூடம் பற்றிப் பாடியவன், உம்மாவைப் பற்றிப் பாடியவன், தொழுகையைப் பற்றிப் பாடியவன் எல்லோரும் இருந்தார்கள். கடைக்கு முன்னால் தொங்கவிடப்பட்டது ஒரே ஒரு முகம்தான். எங்கள் பிள்ளைகள் துண்டில் எழுதியது அந்த முகத்தை.

அப்படியென்றால் குற்றம் பாட்டில் மட்டுமா? இல்லை. 1990களில் கேரி ஃப்ரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். பொலிஸ்காரரைச் சுட்டவனைப் பற்றிய ஒரு பழைய நாட்டுப்புறப் பாட்டின் வரிகளை எடுத்துக்கொண்டார். சிலரிடம் இது ரெப் பாட்டு என்றும், சிலரிடம் இது கன்ட்ரி பாட்டு என்றும் சொல்லிக் கொடுத்தார். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ரெப் என்று நினைத்து வாசித்தவர்கள் அது ஆபத்தானது, தடுக்கப்பட வேண்டியது என்று கூடுதலாகச் சொன்னார்கள். பாடியவர் கறுப்பர் என்று படத்தைக் காட்டியபோதும் அதேதான் நடந்தது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். ரெப் என்ற பெயரைப் பொறுத்தவரை முடிவு பெரிதாக மாறவில்லை.

ஜோனி கேஷ் என்ற புகழ்பெற்ற வெள்ளைக்காரப் பாடகர் 1955இலேயே, சாவதைப் பார்ப்பதற்காகவே ஒருவனைச் சுட்டவனின் வாயால் ஒரு பாட்டுப் பாடினார். அவரை யாரும் கொலைகாரன் என்று சொல்லவில்லை. அவர் கதை சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கறுப்பினப் பிள்ளை அதே கதையைச் சொன்னால் அது வாக்குமூலம் ஆகிவிடுகிறது.

இந்தப் பார்வை உயிரையும் எடுக்கும். 2012 நவம்பர் 23 அன்று புளோரிடாவின் ஜக்சன்வில் நகரில் ஜோர்டன் டேவிஸ் என்ற 17 வயதுப் பிள்ளை நண்பர்களோடு ஒரு பெற்றோல் நிலையத்தில் வாகனத்துக்குள் இருந்தான். பாட்டுச் சத்தமாகப் போயிற்று. பக்கத்து வாகனத்தில் இருந்த வெள்ளைக்காரர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், வாய்த்தர்க்கமாகியது. அவர் பத்துத் தடவை சுட்டார். பிள்ளை மௌத்தாகிவிட்டான். அவர்களிடம் துவக்கு இருந்ததாக அவர் சொன்னார். பொலிஸார் தேடியபோது துவக்கு எதுவும் கிடைக்கவில்லை. "ரவுடிப் பாட்டு" என்று அவர் வெறுப்போடு சொன்னதாக, அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2014இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. பிள்ளை திரும்பி வரவில்லை.

நீதிமன்றங்களிலும் இதே கதை. குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிய ரெப் வரிகளை ஜூரிகளுக்கு வாசித்துக் காட்டி, "இவன் எப்படிப்பட்டவன் என்று பாருங்கள்" என்று சொல்வது அமெரிக்காவில் வழக்கமாகிவிட்டது. அப்படி வாசித்ததற்காகவே ஒரு தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டதை 2014இல் நியூ ஜேர்சியின் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2022இல் கலிபோர்னியா இதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே கொண்டு வந்தது.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு யாருடைய ஞாபகமாவது வருகிறதா? எங்களுக்கு வந்தது. எங்களைப் போலவே ஒரு தமிழ் ஆசிரியர், மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம். 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்துக்கொண்டு போனார்கள். வன்முறையைக் கண்டித்து எழுதிய கவிஞரின் கவிதைகளிலேயே தீவிரவாதத்தைத் தேடினார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் நிரபராதி என்று விடுதலையானார்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நாம் பட்டதை மறந்துவிட முடியாது. ஒரு கூட்டம் செய்த படுபாதகத்துக்கு ஹபாயா போட்ட ஆசிரியைகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த அரபுக் கிதாபுகளை எங்கே வைப்பது என்று உம்மாமார் பயந்தார்கள். "நாங்கள் எல்லோரும் அப்படி இல்லை" என்று எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னோம்! அந்த வலியை அறிந்த நாமே, இன்னொரு மக்களை யூடியூப் வீடியோவைப் பார்த்துத் தீர்மானிப்பது எந்த ஊர் நியாயம்?

இதற்காக எல்லாப் பாட்டையும் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. பெண்களைக் கேவலப்படுத்தும் வரிகள், போதையைப் பெருமையாகக் காட்டும் வீடியோக்கள் நிறையவே இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பார்க்கக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதை முதலில் எதிர்த்தவர்கள் யார் என்றும் பாருங்கள். சிவில் உரிமைப் போராட்டத்திலிருந்து வந்த டெலோரஸ் டக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி 1990களில் இசை நிறுவனங்களோடு நேருக்கு நேர் மோதினார். 2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில், நெலி என்ற பாடகரின் ஆபாச வீடியோவுக்கு எதிராக நின்றவர்கள் கறுப்பின மாணவிகள்தான். தங்கள் பிள்ளைகளைப் பற்றி நம்மை விட அவர்களுக்குக் கவலை அதிகம்.

இன்னொன்று. அந்த மக்களுக்கும் நமக்கும் உள்ள உறவு நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் ஏராளமானோர் மேற்கு ஆபிரிக்க முஸ்லிம்கள். உமர் இப்னு செய்யித் என்பவர் அடிமையாக இருந்தபடியே 1831இல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. மல்கம் எக்ஸ் 1964இல் ஹஜ்ஜுக்குப் போய், எல்லா நிறத்தவரும் ஒன்றாக நின்றதைக் கண்டு மனம் மாறித் திரும்பினார். யாசீன் பே என்ற ரெப் பாடகர் 1999இல் வெளிவந்த தன் தொகுப்பை பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொடங்குகிறார்.

அந்த வகுப்பில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டோம். "பிலால் (ரழி) அவர்கள் எந்த நாட்டைச் சேர்ந்தவர்?" எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது. "அப்படியென்றால் துண்டில் ஏன் ஒருவரும் அவரைப் போல ஒரு மனிதரை நினைக்கவில்லை?" என்றோம். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒருவரை அவரது தாயைச் சொல்லி இழிவுபடுத்திய தோழரிடம், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததைச் சொன்னோம். காப்பிலி என்று கூப்பிட்ட பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உண்மையில் அன்று தலை குனிய வேண்டியவர்கள் நாங்கள். பல மாதம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்கள் நாங்கள்தானே.

ஆகவே சில வேண்டுகோள்கள். பெற்றோரே, பிள்ளையின் போனைப் பறிப்பதோடு நிற்காதீர்கள். பக்கத்தில் இருந்து, "இது யார்? ஏன் இப்படிப் பாடுகிறான்? இவனை வைத்துக் காசு உழைப்பது யார்?" என்று கேளுங்கள். ஆசிரியர்களே, வரலாற்றுப் பாடத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இந்த மக்களின் கதையைச் சொல்லுங்கள். கத்தீப்மாரே, இறுதிப் பேருரையில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையே தக்வாவைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை என்று சொல்லப்பட்டதை எங்கள் ஊரின் கல்யாணப் பேச்சுகளோடும் சேர்த்து ஒரு ஜும்ஆவில் பேசுங்கள்.

காப்பிலி என்ற வார்த்தையை எங்கள் வகுப்பில் இனி யாரும் பாவிப்பதில்லை என்று பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள். வீட்டிலும் அது நின்றால்தான் வகுப்பில் நிற்கும். அது உங்கள் கையில்.