ப்ராஜெக்ட் செய்யறது பிள்ளையா, அப்பாவா?

1/ மூணாம் கிளாஸ் பிள்ளைக்கு "பாலம் மாடல் செஞ்சு எடுத்துட்டு வா"ன்னு டைரியில எழுதி அனுப்பறாங்க. ராத்திரி பத்து மணிக்கு தெர்மாகோல் வெட்டுறது அப்பா. பசை தடவுறது அம்மா. பிள்ளை தூங்கியாச்சு. இதுக்குப் பேரு செயல்வழிக் கற்றலாம்!

2/ செய்ய வேண்டியது இதுதான். வகுப்பறையிலேயே நாலு நாலு பேரா உட்கார வைங்க. பழைய நியூஸ்பேப்பர், கொஞ்சம் டேப், 20 நிமிஷம். "ஒரு நோட்டைத் தாங்குற கோபுரம் கட்டுங்க." பெரியவங்க யாரும் கை வைக்கக் கூடாது. சரிஞ்சா சரியட்டும்.

3/ ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல ஒரு தாளைப் பாலமா வைங்க. நாலஞ்சு நாணயத்துலயே தொய்ஞ்சுடும். அதே தாளை விசிறி மாதிரி மடிச்சு வைங்க, பல மடங்கு தாங்கும். எடை கூடல, வடிவம்தான் மாறிச்சு. தகரக் கூரை ஏன் நெளிநெளியா இருக்குன்னு அந்தப் பிள்ளைக்கு இனி பாடம் எடுக்க வேண்டாம்.

4/ ஸ்பகெட்டி குச்சி 20, டேப், நூல், உச்சியில ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிஷம். பீட்டர் ஸ்கில்மேன் உருவாக்கின போட்டி. மேனேஜ்மென்ட் மாணவர்களை விட கிண்டர்கார்டன் குழந்தைகள் உயரமா கட்டுறாங்கன்னு டாம் வூஜெக் 2010ல டெட் மேடையில சொன்னார். காரணம்? பெரியவங்க யார் தலைவர்னு பேசி, திட்டம் போட்டு, கடைசி நிமிஷத்துல உச்சியில வைக்கிறாங்க. குழந்தைங்க முதல்லருந்தே வச்சு வச்சுப் பாக்குறாங்க.

5/ "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"னு கேப்பீங்க. இருக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2008ல அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டு வந்துச்சு. கத்தி வைக்கும் முன்னாடி எல்லாரும் தன் பேரையும் பொறுப்பையும் சொல்லணும்ங்கிறதும் அதுல ஒண்ணு. டெல்லி உட்பட 8 நகர மருத்துவமனைகள்ல நடந்த ஆய்வுல இறப்பு 1.5 சதவீதத்துலருந்து 0.8க்கு இறங்குச்சு (2009).

6/ படிச்சவங்களுக்கே பக்கத்துல நிக்கிறவர்கிட்ட பேச ஒரு பட்டியல் தேவைப்படுது. ஏன்? "பக்கத்துல பாக்காதே, கையை வச்சு மறை"ன்னு பன்னெண்டு வருஷம் பழக்கினோம். அப்புறம் தியேட்டர்ல ஒரு நர்ஸ் "டாக்டர், இது தப்பு"ன்னு தைரியமா சொல்லணும்னு எதிர்பார்க்கிறோம். எப்படிங்க சொல்லுவாங்க?

7/ "சத்தம் வரும், சிலபஸ் முடியாது" - வழக்கமான பதில். கோபுரத்தை ஸ்கேல் வச்சு அளந்து எழுதினா அது கணக்கு. ஏன் விழுந்துச்சுன்னு சொன்னா அது தமிழ். ஒரே பிள்ளை எல்லாத்தையும் பிடுங்கிக்குதா? அளக்க ஒருத்தர், வெட்ட ஒருத்தர், ஒட்ட ஒருத்தர், பொருள் கணக்குக்கு ஒருத்தர். வாராவாரம் மாத்துங்க.

8/ டாக்டரா ஒரு கண்டிப்பு: பட்டன் பேட்டரியும் குட்டிக் காந்தமும் வகுப்புக்குள்ள வேண்டவே வேண்டாம். விழுங்கின பட்டன் பேட்டரி ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும். பேப்பரும் டேப்பும் போதும்.

9/ அடுத்த பெற்றோர் கூட்டத்துல ரேங்க் கேக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "என் பிள்ளை இந்த மாசம் யாரோட சேர்ந்து என்ன கட்டுச்சு?" பதில் இல்லைன்னா வாரம் ஒரு பீரியட் கேளுங்க. வீட்டுக்கு வர்ற தெர்மாகோல் ப்ராஜெக்ட்டை, அப்படியே திருப்பி அனுப்புங்க.