கயிறு இழுத்தவங்க பேரு என்ன பாஸ்?

சிவில் டிபார்ட்மென்ட் பசங்ககிட்ட சர்வே கேம்ப் பத்திக் கேட்டுப் பாருங்க. வெயில்ல ஸ்டாஃப் பிடிச்சு நின்னது, ரீடிங் ஒத்து வராம மறுபடி முதல்ல இருந்து எடுத்தது, முகம் கறுத்துப் போனதுன்னு ஒரு மணி நேரம் புலம்புவாங்க. பத்து நாள் கேம்ப்புக்கே இப்படின்னா, சுமார் 40 வருஷம் நடந்த ஒரு சர்வே கேம்ப் எப்படி இருந்திருக்கும்?

ஸ்டார்ட்டிங் பாயின்ட் நம்ம சென்னைதான். 1802 ஏப்ரல் 10. பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து சுமார் 12 கிலோமீட்டர் நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கோட்டில் இருந்து முக்கோணம் முக்கோணமாகக் கிளம்பி இந்தியாவையே அளப்பது பிளான். ஆனால் வெயில் ஏற ஏற எஃகு நீளும், அளவு தப்பும். அதனால் சங்கிலியை மரத்தொட்டியில் கிடத்தி, நிழல் கொடுத்து, தெர்மாமீட்டர் பார்த்துப் பார்த்து அளந்தார்கள்.

கோணம் அளக்க தியோடலைட். நம்ம லேப்ல தோள்ல தூக்கிட்டுப் போற சைஸ் இல்லீங்க... அரை டன்! லண்டனில் செய்து கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டி, மொரீஷியஸ் போய், அப்புறம்தான் சென்னைக்கே வந்தது.

தஞ்சாவூரில் வேற சோதனை. சமவெளி, ஏறி நின்று பார்க்க மலை கிடையாது, எங்கே திரும்பினாலும் மரம் மறைக்கும். சரி, கோயில் கோபுரத்தில் ஏற்றுவோம் என்று முடிவு. 1808-ல் பெரிய கோயிலில் தியோடலைட்டை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோத, கோணம் பார்க்கும் வட்டம் நெளிந்தே போனது.

கருவி செத்தது, சர்வே குளோஸ்னுதானே நினைப்போம்? லாம்டன் கூடாரத்துக்குள் போனார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. கருவியைக் கழற்றி, பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி வைத்து நெளிந்த வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரம்! மறுபடி வேலை செய்தது. 1809-ல் முக்கோணங்கள் குமரிப் பக்கம் வரை இறங்கிவிட்டன.

அடுத்து வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1819-ல் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு நடுவே இருந்த காட்டுக்குள் மழைக்காலத்தில் போனார். அவரோடு சேர்த்து சுமார் 150 பேர் காய்ச்சலில் படுத்தார்கள். 15 பேர் திரும்பவில்லை. காட்டுக் காற்றில் ஏதோ விஷம் என்று நம்பிய காலம். மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்பதற்கு ரொனால்ட் ராஸ் ஆதாரம் பிடித்தது 1897-ல், அதே பக்கத்து செகந்திராபாத்தில்.

லாம்டன் 1823-ல் ஹிங்கன்காட்டில் வேலை நடுவிலேயே இறந்தார். எவரெஸ்ட் பெயரை 1865-ல் உலகின் உயரமான சிகரத்துக்கே வைத்துவிட்டார்கள். அவர்கள் பட்ட கஷ்டம் நிஜம், சந்தேகமே இல்லை.

ஆனா பாஸ், அந்த அரை டன்னை மலை மலையாச் சுமந்தது யாரு? தஞ்சாவூர்ல கயிறு இழுத்தது யாரு? கூடாரத்துக்குள்ள போன கைவினைஞர் பேரு என்ன? அந்த 15 பேர்ல ஒருத்தர் பேராவது நம்ம பாடப்புத்தகத்துல இருக்கா?

சிவகாசிக்காரங்களுக்கு இது நல்லாவே புரியும். எவரெஸ்ட் காலத்தில் இரவு சிக்னலுக்கு நீல வெளிச்சம் காட்டினார்கள். கரன்ட் ஏது? வெடியுப்பு, கந்தகம் எல்லாம் சேர்ந்த மத்தாப்பு ரகம்தான். தூரத்து மலையில் ஒருவர் ராத்திரி தனியாக உட்கார்ந்து பற்ற வைப்பார். இந்தப் பக்கம் டெலஸ்கோப்பில் கண் வைத்த துரையின் பெயர் ரெக்கார்டில் ஏறும். பற்ற வைத்தவர் இருட்டோடு போனார்.

இன்னிக்கும் நம்ம ஊர் பட்டாசுப் பெட்டியில கம்பெனி பேரு இருக்கும், பளபளன்னு படம் இருக்கும். மருந்து செலுத்தின அண்ணன், திரி வச்ச அக்கா பேரு இருக்காது. விபத்து நடந்தாலும் தலைப்புச் செய்தியில் முதலில் வருவது எண்ணிக்கை. பெயர் தேடணும்னா உள்பக்கம் போகணும்.

அதனால சிவில் மக்களே, அடுத்த சர்வே கேம்ப்ல ஒரு சின்ன வேலை. ரிப்போர்ட்ல டீம் மெம்பர்ஸ் பேரு எழுதுவீங்கல்ல? கருவியைத் தூக்கிட்டு வந்த லேப் அட்டெண்டர் அண்ணன் பேரையும் சேர்த்து எழுதுங்க. மார்க் கூடாது, நஷ்டமும் இல்ல!

கொசுறு: 1498-ல் வாஸ்கோ ட காமா மலிந்தியில் ஏற்றிக்கொண்ட ஒரு மாலுமிக்குப் பருவக்காற்று அத்துப்படி. 23 நாளில் கோழிக்கோடு பக்கம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். திரும்பும்போது எதிர்காற்றில் அதே கடலைக் கடக்க கிட்டத்தட்ட மூணு மாசம். ஸ்கர்வி நோயில் சுமார் 30 பேர் காலி. அந்த மாலுமி யார் என்று இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!