நியூட் ஏன் சாக வேண்டியிருந்தது?

டைட்டில் ஓடி முடிவதற்குள்ளேயே ரசிகர்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்ட படம் ‘ஏலியன் 3’. 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த ‘ஏலியன்ஸ்’ படத்தின் முடிவில், நாயகி ரிப்ளி ராட்சத ஏலியன் ராணியோடு மல்லுக்கட்டி நியூட் என்ற சிறுமியை மீட்பாள். காயம்பட்ட சிப்பாய் ஹிக்ஸ், பாதி உடம்போடு மிஞ்சிய இயந்திர மனிதன் பிஷப், சிறுமி, ரிப்ளி என நான்கு பேரும் விண்கலத்தில் நீண்ட உறக்கத்துக்குப் போவார்கள். ஒரு குடும்பமே உருவாகிவிட்ட திருப்தியோடு ஜனம் தியேட்டரை விட்டு வெளியே வந்தது. 1992-ல் வந்த மூன்றாம் பாகமோ எடுத்த எடுப்பிலேயே சிறுமியையும் சிப்பாயையும் கொன்றுவிட்டது. அதுவும் சண்டையில் இல்லை. உறங்கிக்கொண்டிருந்தபடியே, ஒரு விபத்தில்.

கோபம் வராமல் எப்படி இருக்கும்? கேமரூனே இந்த முடிவை வெளிப்படையாகச் சாடினார். படத்தை எடுத்த டேவிட் ஃபிஞ்சரும் இன்றுவரை அதைத் தன் படமென்று உரிமை கொண்டாடுவதில்லை. ‘செவன்’, ‘ஃபைட் கிளப்’ எடுத்த அதே ஃபிஞ்சர்தான். அப்போது அவருக்கு 28 வயது, முதல் படம். கைமாறிக் கைமாறி நைந்துபோயிருந்த திட்டம் அவரிடம் வந்து சேர்ந்தது. முன்பு இருந்த இயக்குநர் வின்சென்ட் வார்டு, மரத்தாலான ஒரு கோளில் துறவிகள் வாழ்வதாகக் கதை யோசித்திருந்தார். அவர் விலகியபின் மடம் சிறையானது, துறவிகள் கைதிகளானார்கள். திரைக்கதை முழுதாகத் தயாராகும் முன்பே படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. எடுத்ததை ஸ்டுடியோ தன் இஷ்டத்துக்கு வெட்டியது.

இவ்வளவு குளறுபடிக்கு நடுவிலும் அந்தப் படத்தில் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது: துக்கம். நியூட்டின் சாவு வெறும் கதைத் தந்திரம் என்றால், படம் அதை ஒரு வசனத்தில் கடந்து ஓட்டத்துக்குத் தாவியிருக்கும். இந்தப் படமோ அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. விபத்தில் பிழைத்து அந்தச் சிறைக்கோளில் வந்து விழுந்த ரிப்ளி, சிறுமிக்குள் ஏலியன் புகுந்திருக்குமோ என்று பயந்து, உடலை அறுத்துப் பார்க்கச் சொல்லிச் சிறை மருத்துவன் கிளெமென்ஸை வற்புறுத்துகிறாள். உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாமல் காலரா என்று பொய் சொல்கிறாள். அவன் அறுக்கும்போது பக்கத்திலேயே நிற்கிறாள். மகளாக ஏற்றுக்கொண்ட குழந்தை அது. கேமரா பெரும்பாலும் ரிப்ளியாக நடித்த சிகர்னி வீவரின் முகத்திலேயே நிற்கிறது. ரத்தம் தெறிக்கும் எத்தனையோ காட்சிகள் உள்ள இந்த வரிசையில் என்னால் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்ட காட்சி இதுதான்.

அடுத்து இறுதிச் சடங்கு. ஈயம் உருக்கும் உலைக்கு மேலே மொட்டைத் தலைக் கைதிகள் கூடி நிற்கிறார்கள். துணி சுற்றிய இரண்டு உடல்கள் நெருப்புக்குள் விழக் காத்திருக்கின்றன. கொலையும் பாலியல் வன்முறையும் செய்து சிறைக்கு வந்து, அங்கே மதம் தழுவியவன் டில்லன். குற்றமற்றவர்களுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறான். டில்லனாக நடித்த சார்லஸ் டட்டன், இளம் வயதில் நிஜமாகவே சிறையிலிருந்து மீண்டு நடிப்புக்கு வந்தவர். அந்தக் குரலில் நடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவன் பேசப் பேச, சிறையின் இன்னொரு மூலையில் ஒரு விலங்கின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஏலியன் பிறக்கிறது. ரிப்ளியின் மூக்கிலிருந்து ரத்தம் வழிகிறது. அவளுக்குள்ளும் ஒன்று வளர்கிறது என்பது நமக்கு அப்போது தெரியாது.

முதல் இரண்டு படங்களிலும் ரிப்ளிக்கு ஒரே வேலை, உயிர் பிழைப்பது. இங்கே அவள் பிழைக்கக் காரணமே இல்லை. உறவு இல்லை, தலைமுடிகூட இல்லை, அந்தக் கோளில் ஒரு துப்பாக்கியும் இல்லை. அந்த மிருகத்தை ஆயுதமாக்கத் துடிக்கும் கம்பெனி மட்டும் முதல் படத்திலிருந்து விடாமல் துரத்துகிறது. கடைசியில் பிஷப்பின் முகத்தோடு ஒருவன் வந்து, உன்னைக் காப்பாற்றுகிறேன், என்னை நம்பு என்கிறான். அவள் மறுத்துவிட்டு உலைக்குள் சாய்கிறாள். மனித உயிரைச் செலவுக் கணக்கில் எழுதும் ஒரு நிறுவனத்துக்கு இந்த வரிசை தந்த தெளிவான பதில் அதுதான். நியூட் உயிரோடு இருந்திருந்தால் ரிப்ளி அந்தக் கையைப் பிடித்திருப்பாள். பிடிக்காமல் வேறு வழி இருந்திருக்காது. ரசிகர்கள் மன்னிக்காத அந்தத் தொடக்கம்தான் இந்த முடிவைச் சாத்தியமாக்குகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லோரும் மொட்டை, எல்லோருக்கும் ஒரே அழுக்கு உடை. செத்தது யார் என்று புரிவதற்குள் அடுத்தவன் செத்துவிடுகிறான். பொம்மையைத் தனியாகப் படமெடுத்துக் காட்சியில் ஒட்டிய இடங்களில் ஏலியன் சுவரிலிருந்து பிரிந்து தெரிகிறது. கடைசித் துரத்தலில் எந்தக் கதவு எங்கே போகிறது என்று யாருக்கும் விளங்காது. கிளெமென்ஸை அவன் பழைய பாவத்தைச் சொல்லி முடித்த கையோடு கொன்றது துணிச்சல்தான். ஆனால் நாம் பிடித்துக்கொள்ள இருந்த இன்னொரு மனிதனும் அதோடு போய்விட்டான்.

இந்தக் குறைகளில் சில வெட்டினால் வந்தவை. 2003-ல் டிவிடிக்காக, வெட்டிப்போட்ட காட்சிகளைச் சேர்த்து ஏறக்குறைய அரைமணி நேரம் கூடுதலாக ஒரு வடிவம் வெளிவந்தது. ஃபிஞ்சர் அதில் கைவைக்க மறுத்துவிட்டார். இருந்தாலும் கைதிகளுக்கு அதில் முகம் கிடைக்கிறது. கோலிக் என்ற பித்துப்பிடித்த கைதி என்ன ஆனான் என்று திரையரங்கில் வந்த படம் சொல்லவே இல்லை. இதில் சொல்கிறது: கைதிகள் உயிரைக் கொடுத்து ஏலியனை ஓர் அறைக்குள் அடைக்கிறார்கள். அதைத் தெய்வம்போல் வணங்கத் தொடங்கிவிட்ட கோலிக் கதவைத் திறந்துவிடுகிறான்.

‘ஏலியன் 3’ வரிசையிலேயே சிறந்தது என்று வாதாட மாட்டேன். அந்த இடம் 1979-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படத்துக்குத்தான். ஆனால் ரிப்ளியின் கதைக்கு நேர்மையான முடிவு இதில்தான் இருக்கிறது. 1997-ல் அவளைக் குளோனிங்கில் உயிர்ப்பித்து எடுத்த நான்காம் பாகம் அதைக் கெடுக்கத்தான் செய்தது. பார்ப்பதென்றால் 2003 வடிவத்தைத் தேடிப் பாருங்கள். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.