மனோவசியம் எனும் மயக்கம்

பெயர் பிழைப்பின் பொருளும் பிழைபடும் என்பதற்கு 'மனோவசியம்' என்னும் சொல்லே தக்க சான்றாகும். வசியமெனின் ஒருவன் பிறனைத் தன்வயப்படுத்தல். எனவேதான் இச்சொல்லைக் கேட்டதும் கூரிய விழிகளும், அவற்றின்முன் தன்னை இழந்து நிற்கும் மனிதனும் மனக்கண்ணில் தோன்றுகின்றனர். மேடை வித்தையும் திரைப்படமும் வளர்த்த இக்காட்சிக்கும் உண்மைக்கும் வெகுதூரம்.

வசியஞ் செய்வோனிடம் தனியாற்றல் உண்டெனும் கொள்கை 1784 ஆம் ஆண்டிலேயே பாரிசில் தகர்ந்தது. மெஸ்மர் பரப்பிய 'பிராணிக் காந்த' முறையைப் பிராங்ளின், லவாசியே முதலானோர் அடங்கிய அரச ஆணைக்குழு சோதித்தது. காந்தம் தம்மீது பாய்வதாக நம்பியோர், அது பாய்ச்சப்படாதபோதும் துடித்தனர். அறியாத நிலையில் பாய்ச்சப்பட்டோர் வாளாவிருந்தனர். காந்தம் என ஒன்றில்லை, கற்பனையே காரணம் என்பது குழுவின் முடிவு.

ஆயின், கற்பனை என்றதும் அனைத்தும் பொய்யெனத் தள்ளுவது மறுதலையான பேதைமை. மயக்கமருந்து வழக்கிற்கு வராத 1845 இல், வங்காளத்து ஹூக்ளியில் எஸ்டெயில் என்னும் ஸ்கொட்லாந்து வைத்தியர் இத்தகைய மயக்கத்தில் நோயாளரை ஆழ்த்திச் சத்திரசிகிச்சைகள் செய்தார். நாளடைவில் மயக்கும் பணியை உள்ளூர் உதவியாளரிடமே அவர் ஒப்படைத்தார். துரையின் கண்ணில் மாயம் இருந்ததெனின், உதவியாளரின் கைக்கு அது வந்தது எவ்வாறு? ஆற்றல் மயக்குவோனிடம் அன்று, மயங்குவோனிடமே உளது என்பதன்றோ உண்மை! 1959 இல் ஸ்ரான்போர்ட் உளவியலாளர் வகுத்த அளவுகோலும் மயங்குவோரின் இயல்பையே அளந்தது.

இந்நிலை உறக்கமும் அன்று. கிரேக்கச் சொல்லால் இதற்குத் துயிற்பெயர் சூட்டிய பிரெய்ட் என்பாரே பின்னர் அப்பெயரின் பொருத்தமின்மையை உணர்ந்து, ஓரெண்ணத்தில் மனம் ஒடுங்குதலைக் குறிக்கும் வேறொரு பெயரை நாடினார். இந்நிலையில் உள்ளவர் பேச்சைக் கேட்கின்றார். வேண்டாததை மறுக்கவும் வல்லார்.

எனின் தீங்கு எங்குளது? விருப்பைப் பறிகொடுத்தலில் அன்று, நினைவைப் பழுதாக்குதலில் உளது. மறந்தவற்றை இம்முறை தவறாது மீட்குமெனப் பலர் நம்புகின்றனர். மீட்கப்படுவதில் மெய்யோடு புனைவும் கலக்கின்றது. புனைவைக் கூறுவோரோ அதனை உறுதியாக நம்பியே கூறுகின்றனர். சாட்சியின் இவ்வுறுதி ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பவும் கூடும். இதனாலேயே 1982 இல் கலிபோர்ணியா உயர்நீதிமன்று, இவ்வாறு மயக்கப்பட்டோரின் சாட்சியத்தை ஏற்க மறுத்தது.

நோவைத் தணித்தற்கும், குடற்கோளாறுகள் சிலவற்றைத் தணித்தற்கும் இம்முறை துணைபுரிவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1955 இலேயே இதன் பயனை ஏற்றது. எனினும் அது துணையே, நோயறிதலுக்கு ஈடாகாது. மயக்கத் தெரிந்தும் நோயை அறியாதவனிடம் நோயாளியை ஒப்படைத்தல் தகாது. வசியம் என அஞ்சி ஓடுவோரும், அற்புதம் எனத் தொழுவோரும் ஒரே பிழையையே இழைக்கின்றனர்: நோயாளியின் உள்ளத்தில் உள்ள ஆற்றலை அவர்கள் பிறன் கண்ணில் தேடுகின்றனர்.